பெஞ்சில் ஓர் ஆள் அதிகம்

ஜூலை 3, வியாழன்

இல்லை, தெரியாமல்தான் கேட்கிறேன் ஆவுடை. நம் வீட்டில் அடுப்பு இல்லையா? பால் இல்லையா? டீத்தூள் இல்லையா? இஞ்சிகூடக் கூடையில் வாடிக் கிடக்கிறது. நான் கேட்கக் கேட்கக் கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் படுத்துவிட்டால், நான் கேட்டதெல்லாம் இல்லையென்று ஆகிவிடுமா?

முகத்துக்கு நேரே கேட்டால் சிரிக்கிறாய். அதனால்தான் இதில் எழுதுகிறேன். இன்ஷூரன்ஸ்காரப் பையன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. இதுவரை இதன்மேல் மூக்குக்கண்ணாடியைத்தான் வைத்திருந்தேன். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுத்தில் தப்பு இருக்கும். கருத்தில் இருக்காது.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ஆவுடையம்மாள் என் தங்கை. வயது அறுபத்தாறு. புருஷன் போன வருஷம் காலமானார். மகன் தளவாய் சென்னைக்குக் கூப்பிட்டான். "அண்ணன் ஒத்தையில கெடக்கான், நான் கோவில்பட்டிக்கே போறேன்" என்று வைகாசியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எனக்கும் சந்தோஷம்தான். என் வீட்டுக்காரி போனதிலிருந்து நான் ஆக்கிய சோற்றைத் தெரு நாய்கூட மோந்து பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகும்.

இன்று காலை கோமதிநாயகம் டீக்கடை பெஞ்சில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சங்கரபாண்டி. ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆன மனுஷன். தலையை நரைக்க விட்டுவிட்டு மீசைக்கு மட்டும் மை அடிப்பவர். தூரத்தில் ஆவுடை வந்தாள். கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது, கூப்பிட வருகிறாள் என்று நினைத்தேன். நேராக வந்தாள். "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி" என்று சங்கரபாண்டியிடம் சொன்னாள். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். "கோமதிநாயகம், ஸ்ட்ராங்கா ஒரு டீ. சீனி கம்மி" என்றாள். என் மடியிலிருந்த பேப்பரில் நடுத்தாளை உருவிக்கொண்டாள்.

என் கையிலிருந்த வடை கீழே விழுந்துவிட்டது.

இந்தத் தெருவில் பெண்கள் கடையில் டீ குடிக்காமல் இல்லை. பூ விற்கிறவளும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்களும் குடிப்பார்கள். சுவரோரம் நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கஷாயம் குடிக்கிற மாதிரி இரண்டு மடக்கில் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்து தூக்குவாளி கொடுத்தனுப்புவார்கள். உட்கார மாட்டார்கள். உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"என்ன ஏட்டி இது, ஆம்பளையாளுக்கு நடுவுல போயி?"

"ஏன், நடுவுல உக்காந்தா டீ கசக்குமா?"

"வீட்டுல போட்டுக் குடிக்க வேண்டியதுதானே?"

"அவுகளுக்கு டீ போட்டேன், கொழுந்தனுக்குப் போட்டேன், வாரவன் போறவனுக்கெல்லாம் போட்டேன். இப்ப உனக்குப் போடுதேன். எனக்குன்னு எவனாவது ஒருத்தன் ஆத்திக் கையில கொண்டாந்து குடுக்கணும்ணே. நான் உக்காந்த எடத்துல இருந்து வாங்கிக் குடிக்கணும். அம்புட்டுதான். காசிக்குப் போணும்னா கேட்டேன்?"

காசிக்குக் கேட்டிருந்தால் உடனே அனுப்பி வைத்திருப்பேன். அதில் ஒரு பேச்சும் வராது.

எனக்கு இதில் ஆட்சேபணை கிடையாது. நான் பரந்த மனசுக்காரன். தியேட்டரில் பெண்கள் பக்கத்து வாசலில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவனுக்குப் பெண்களின் கஷ்டம் தெரியாதா? தெருதான் குறுகிய புத்தி பிடித்த தெரு. அதற்காகத்தான் சொல்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

இன்றும் வந்தாள். பிஸ்கட்டும் வாங்கி, டீயில் முக்கித் தின்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் தொட்டி கழுவினேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஆவுடை தைலம் தேய்த்துவிட்டாள். அதற்காக எழுதாமல் விட்டுவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கோமதிநாயகம் கடையில் என் கச்சேரி. ஊர் அறிந்த விஷயம். சந்தையில் மாடு வாங்கப் போன புது மாப்பிள்ளை கதையை நான் சொல்லி முடிக்காமல் அந்த பெஞ்சிலிருந்து யாரும் எழுந்து போனதில்லை. கொஞ்சம் பச்சையான கதைதான். ஆம்பளைகள் இருக்கும் இடம், பிறகென்ன.

இன்று ஆரம்பித்தேன். மாப்பிள்ளை மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். தரகன் வந்து காதோடு ஒன்று சொல்கிறான். அந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. என் வலது கை ஓரத்தில் கூடப் பிறந்த தங்கச்சி உட்கார்ந்துகொண்டு டீயை உறிஞ்சுகிறாள். "அப்புறம் மாடு வாங்கிட்டு வந்துட்டான்" என்று முடித்துவிட்டேன். பெஞ்சே திகைத்துப்போயிற்று.

"ஏண்ணே முழுங்குத?" என்றாள் ஆவுடை. "நம்ம பெரியப்பா சொல்லுவாகளே, அந்தக் கததானே?"

பிறகு அவளே சொன்னாள். தரகன் சொன்னதைச் சொன்னாள். மாப்பிள்ளை சொன்னதையும் சொன்னாள். போதாதென்று, வீட்டிலிருந்த புதுப்பெண் அந்த மாட்டைப் பார்த்து என்ன கேட்டாள் என்று ஒன்றைச் சேர்த்துச் சொன்னாள். என் கதையில் புதுப்பெண் வாய் திறந்ததே கிடையாது.

கோமதிநாயகம் ஆற்றிக்கொண்டிருந்த டீயைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டான். சங்கரபாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவன் பஸ்ஸை விட்டுவிட்டான்.

அது என் கதை.

ஒரு பெண்பிள்ளை நடுத்தெருவில் இப்படிப் பேசினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? எனக்கு ஒன்றும் இல்லை. தெருவை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

கோமதிநாயகம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். நான் எதிர்பார்த்ததுதான்.

"அண்ணாச்சி, நேத்து அக்கா ஒரு கத சொன்னாகள்லா?"

"ஆமா. அதுக்கென்னடே இப்ப?"

"என் மச்சினன் நேத்து வரல. அடுத்த வாரம் கூட்டிட்டு வாரேன். இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்களேன்."

பாவம், எவ்வளவு சங்கடப்பட்டிருந்தால் ஒரு கடைக்காரன் இப்படிச் சுற்றி வளைத்துத் தன் வருத்தத்தைச் சொல்வான்! நேராகச் சொல்லப் பயம். குறுகிய மனசுக்காரர்கள் எப்போதும் நேராகப் பேச மாட்டார்கள்.

ஜூலை 9, புதன்

சங்கரபாண்டி நாலைந்து நாளாக பெஞ்சில் உட்காருவதில்லை. நின்றுகொண்டே குடிக்கிறார். தெருவின் எதிர்ப்பு இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். இன்று மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் மடக்கிப் பிடித்தேன்.

"ஏன்வே, பெஞ்சுல முள்ளு மொளச்சிருக்கா? நிக்கீரே?"

"சும்மாதான்."

"சும்மால்லாம் ஒண்ணும் இல்ல. எந்தங்கச்சி உக்காருததுனாலதானே? மனசுல இருக்கதச் சொல்லிரும்வே. நான் தப்பா எடுத்துக்கிட மாட்டேன்."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதுப் பக்கம் வந்தார்.

"மூலம்வே. டாக்டர் பலகைல உக்காரக் கூடாதுன்னுட்டாரு. ஊரெல்லாம் சொல்லிப்புடாதீரும்."

நான் நம்பவில்லை. மூலம் என்பது வெளியில் சொல்லிக்கொள்கிற காரணம். உள்ளே இருப்பது வேறு. தலையில் நரையை விட்டுவிட்டு மீசைக்கு மை அடிக்கிற ஆளிடம் உண்மையை எதிர்பார்க்க முடியுமா?

கத்தரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை. அதற்கும் அவள் சிரித்தாள்.

ஜூலை 11, வெள்ளி

ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். அவளும் டீ குடிக்க வேண்டும், தெருவும் வாயை மூட வேண்டும். பெரிய ஓட்டல்களில் குடும்ப அறை என்று வைத்திருக்கிறார்களே, அது டீக்கடைக்கு ஏன் கூடாது?

நான் வேலை பார்த்த தியேட்டரைக் கல்யாண மண்டபம் ஆக்கியபோது, பெண்கள் பக்கத்து வாசலில் தொங்கிய மெரூன் திரையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அந்தத் திரையை விலக்கி விலக்கித்தான் என் காலம் போயிற்று. அதைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பாச்சா உருண்டை நாற்றம். வெயிலில் உதறினேன். கோமதிநாயகத்திடம் கொண்டுபோனேன். கடைக்கு உள்ளே, விறகு போட்டிருந்த மூலையைக் காலி செய்து, ஒரு ஸ்டூல் போட்டு, முன்னால் திரையைக் கட்டச் சொன்னேன்.

"இது எதுக்கு அண்ணாச்சி? அக்காதான் வெளிய நல்லா உக்காந்திருக்காகள்லா?" என்றான்.

"உனக்குத் தெரியாது. கெட்டுடே."

அட்டையில் 'பெண்கள் அமர தனி இடம்' என்று நானே எழுதித் தொங்கவிட்டேன். ஒரு சூடமும் கொளுத்தினேன். இந்த ஊரில் பெண்களுக்காக இப்படி ஒரு காரியத்தை யாராவது செய்திருக்கிறார்களா? மேடை போட்டுப் பேசுகிறவர்கள் செய்திருக்கிறார்களா?

ஆவுடை வந்தாள். திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே இது, பிரசவ ரூமா?"

"உனக்குத்தான் ஏட்டி. ஒருத்தன் பாக்க மாட்டான். நிம்மதியா குடிக்கலாம்."

"ரோட்டப் பாக்கத்தானே இங்கன வாரேன். இதுக்குள்ள உக்காந்து வெறகையா பாக்க?"

வெளியே போய் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

இந்த ஊர் உருப்படாது.

பெண்களுக்கென்று நான் கட்டிய திரைக்கு உள்ளே இன்று பார்த்தால் ஆம்பளைகள் கூட்டம். லாரி ஆபீஸ் பையன்கள் இரண்டு பேர் அப்பன் கண்ணில் படாமல் சிகரெட் குடித்தார்கள். மூலையில் சங்கரபாண்டி நின்றுகொண்டே, சீனிப்பாகில் ஊறிய பால்பன் தின்றுகொண்டிருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். விரலில் ஒட்டிய ஜீராவைக்கூட விடவில்லை.

"ஏன்வே, போர்டு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா? ஹெட்கிளார்க்குத்தானே நீரு?"

"சத்தம் போடாதீரும்வே. மரகதம் மார்க்கெட்டுக்குப் போறா."

மரகதம் அவர் சம்சாரம். போகவில்லை. அந்தக் கடையில் திடீரென்று முளைத்த திரையைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே வந்தாள். ஒரே இழுப்பு. திரை கயிற்றோடு கையில் வந்துவிட்டது.

"இதான் உங்க வாக்கிங்கா?"

சங்கரபாண்டி பால்பன்னை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். மரகதம் வேறொன்றும் பேசவில்லை. வெளியே வந்து, பெஞ்சில் ஆவுடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனி நான் தெனமும் இங்கனயே உக்காந்து பாக்கேன், எப்பிடித் திங்காகன்னு. எனக்கும் ஒரு டீ குடுங்க கோமதிநாயகம்."

"சீனி?" என்றான் அவன்.

"எனக்கு நல்லாப் போடுங்க. வியாதி அவுகளுக்குத்தானே?"

ஆவுடை அவளுக்கு இடம் விடுவதற்காக இந்தப் பக்கம் நகர்ந்தாள். நான் இன்னும் இந்தப் பக்கம் நகர்ந்தேன். இப்போது எனக்கு பெஞ்சில் பாதி உடம்புக்குத்தான் இடம். மீதி உடம்பு காற்றில் நிற்கிறது. எத்தனையோ வருஷமாக உட்கார்ந்த இடம். மனுஷனுக்குச் சுதந்திரம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

கோமதிநாயகத்தின் மச்சினன் வந்திருந்தான். மாடு கதையை ஆவுடைதான் சொன்னாள்.

ஜூலை 14, திங்கள்

தளவாய்க்குப் போன் பண்ணினேன். சும்மாதான். ரொம்ப நாளாயிற்று. மழையைப் பற்றிப் பேசினோம். அவன் மகள் பாப்பாவின் ஸ்கூலைப் பற்றிக் கேட்டேன். பேச்சோடு பேச்சாக டீக்கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை வந்தது.

"ஊர்ல ஒரு மாதிரி பேசுதாக மருமவனே. நான் ஒண்ணும் சொல்லல."

"யாரு மாமா பேசுதா?"

"யாருதான் பேசல?"

பிறகு மல்லிகைப்பூ விலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

தளவாய் இன்று காலை ஆவுடைக்குப் போன் பண்ணிச் சத்தம் போட்டிருக்கிறான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். "சரிய்யா... சரி... நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?" என்றது மட்டும் எனக்குக் கேட்டது. வெளியே வந்தபோது முகம் இத்தனூண்டு ஆகியிருந்தது.

எவனோ வத்தி வைத்திருக்கிறான். இந்தத் தெருவைப் பற்றி நான் எழுதியதெல்லாம் சரியென்று ஆகிவிட்டது.

"அண்ணே, நம்ம தெருவுல யாராவது உன்கிட்ட எதும் சொன்னாகளா?" என்று கேட்டாள்.

"என்கிட்ட யாரு சொல்லுவா?"

அது உண்மைதானே. என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்று அவள் கடைக்கு வரவில்லை. பெஞ்சில் எனக்கு முழு இடம் கிடைத்தது. காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய நாள் மாதிரி இருந்தது. வியாழக்கிழமையானாலும் பரவாயில்லை என்று மாடு கதையை எடுத்தேன். தரகன் காதோடு சொன்னதைக் கையை ஆட்டிச் சொன்னேன். சங்கரபாண்டி லேசாகச் சிரித்தார். "அந்தப் புதுப்பொண்ணு கேக்கதச் சொல்லும்வே" என்றார். எனக்கு அந்த இடம் சரியாக வரவில்லை.

மரகதம் டீயை வாங்கிக்கொண்டு, "உங்க தங்கச்சி எங்க?" என்று கேட்டாள். கோமதிநாயகம் கேட்டான். அந்தப் பூக்காரியும் கேட்டாள். நேற்று முதல் அவளும் சுவரோரம் நிற்பதில்லை, பெஞ்சின் கால் பக்கம் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்காருகிறாள். "மேலுக்குச் சரியில்ல" என்றேன்.

வீட்டுக்குப் போனால் டீ போட்டுக் கையில் கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்ட டீ. ஒரு குறை சொல்ல முடியாது. "உனக்கு?" என்றேன். "எனக்கு வேண்டாம்" என்றாள். மீதியைச் சாக்கடையில் ஊற்றினாள்.

நான் என்ன செய்ய முடியும்? நானா குடிக்க வேண்டாம் என்றேன்?

ஜூலை 19, சனி

காலை ரயிலில் தளவாய் வந்துவிட்டான். நான் எதிர்பார்க்கவில்லை. நாளை ராத்திரிக்கு இரண்டு பேருக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். பையைக்கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்தான்.

"அம்மா, துணிமணிய எடுத்து வைங்க. இங்க இருந்தது போதும்."

"ஏம்ல, இங்கன எனக்கு என்ன கொற?"

"ஊரு சிரிக்குது. அப்பா இருந்திருந்தா டீக்கடை பெஞ்சுல உக்காந்து கத பேசுவீங்களா?"

"உங்கப்பா இருந்திருந்தா நான் அவுகளுக்கு டீ போட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."

"எல்லாத்துக்கும் ஒரு பதிலு. அங்க வந்து நிம்மதியா இருங்க. பாப்பாவப் பாத்துக்கிடுங்க. எட்டாவது மாடி. நல்ல காத்து. கீழ எறங்கவே வேண்டாம், எல்லாமே வாசலுக்கு வந்துரும்."

"எறங்கவே வேண்டாம்" என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. என்ன இருந்தாலும் என் தங்கச்சி. அவளைக் கூட்டில் அடைக்கவா நான் போன் பண்ணினேன்? ஒரு வார்த்தை கண்டித்து வைப்பான் என்று பார்த்தால், பெட்டியைக் கட்டச் சொல்கிறான். நடுவில் போனேன்.

"மருமவனே, அவ இங்கனயே இருக்கட்டும். நான் ஒரு வழி சொல்லுதேன். கடைப்பக்கம் போகாம நான் பாத்துக்கிடுதேன்."

"உறுதியா சொல்லுதியளா மாமா?"

"என் பொறுப்பு. வாசப்படி தாண்ட மாட்டா. கோயிலுக்குன்னாலும் நான் கூடப் போறேன்."

தளவாய் யோசித்தான். பாதி இறங்கி வந்துவிட்டான். அவளைச் சென்னையிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"பேசி முடிச்சிட்டியளா?" என்றாள் ஆவுடை. "யாரு காவலுன்னு?"

அவள் மகனைப் பார்த்தாள்.

"தளவாய், ஊரு சிரிக்குதுன்னு உன்கிட்ட யாருல சொன்னது?"

"மாமாதான் போன் பண்ணாக."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பேச்சை மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. பெரிய கம்பெனியில் வேலையாம்.

ஆவுடை என்னைப் பார்க்கவில்லை. சத்தமும் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன். தளவாய் குடித்துவிட்டு வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

ஜூலை 20, ஞாயிறு

விடிந்ததும் ஆவுடை நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டாள். தளவாயும் நானும் பின்னால் ஓடினோம். பெஞ்சில் மரகதத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பூக்காரி கீழே இருந்தாள்.

"ஒக்காருல" என்று மகனிடம் சொன்னாள். "சிரிக்குத ஊரு இதான். பாத்துக்க."

தளவாய் நின்றுகொண்டே இருந்தான். கோமதிநாயகம், "தம்பிக்கு டீயா காப்பியா?" என்று கேட்டான். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. என் பேரைக் கெடுப்பதற்கென்றே இன்றைக்குப் பார்த்து எல்லாரும் ஒழுங்காக இருந்தார்கள்.

"நான் ஒன்கூட வரல" என்றாள் அவள். "பாப்பாவப் பாக்கணும்னா வாரேன், பாத்துட்டுத் திரும்பி வாரேன். அண்ணன் வீட்டுலயும் இருக்கப் போறதில்ல. மரகதம் வீட்டு மாடி காலியா கெடக்கு. எனக்குப் பென்ஷன் வருது. அதுல இருந்துக்கிடுதேன்."

அந்த மாடி எனக்குத் தெரியும். 'குடும்பத்துக்கு மட்டும்' என்று சங்கரபாண்டி எழுதி ஒட்டி, வெயிலில் எழுத்தே வெளுத்துவிட்டது. நான் அவரைப் பார்த்தேன். இந்த இடத்தில் இவர்தான் கைகொடுப்பார் என்று நினைத்தேன். அவரும் வாயைத் திறந்தார்.

"இல்ல, அது வந்து... ஆம்பளத் தொண இல்லாதவுகளுக்கு நாம விடுறது..."

"நீங்க ஆம்பளத் தொணயா இருந்து எனக்கு என்னத்தக் கிழிச்சிய?" என்றாள் மரகதம். "வாயில என்ன, இங்கிட்டுத் திரும்புங்க."

அவர் திரும்பவில்லை. பால்பன்தான்.

தளவாய் ராத்திரி ரயிலுக்குத் தனியாகப் போனான். ஸ்டேஷனில் என்னிடம், "நீங்க சொன்ன மாதிரி ஒண்ணும் இல்லையே மாமா" என்றான். "ஒனக்கு ஊரப் பத்தித் தெரியாது மருமவனே" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறிவிட்டான்.

ஜூலை 21, திங்கள்

கொடியில் கிடந்த அவள் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஈரமாக இருக்கிறது, காய இன்னும் ரெண்டு நாள் ஆகும் என்றேன். தொட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

ஆடி மாசம். ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? அதையும் சொன்னேன். "ஆடியும் ஆவணியும் மாடிக்கு ஒண்ணுதான்" என்கிறாள். ஊர், உலகம், மாசம், கிழமை ஒன்றுக்கும் அடங்காத பெண்பிள்ளை.

ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பை, ஒரு பாய். அவ்வளவுதான் அவள் சாமான். பெட்டியை எடுத்துப் போகக் கோமதிநாயகம் வண்டியோடு ஆள் அனுப்பியிருந்தான். பாய் போயிற்று, பெட்டி போயிற்று. பை மட்டும் அவள் கையில் இருந்தது. நடுவீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு ஏட்டி. பேசணும்" என்றேன். உட்கார்ந்தாள். நேற்று முழுக்க மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"நான் என்னைக்காவது உன்னைய டீ குடிக்காதன்னு சொன்னேனா? உக்காராதன்னு சொன்னேனா? எங்க சொல்லு பாப்போம். திரை கெட்டிக் குடுத்தது எவன்? இந்தக் கோவில்பட்டில எந்த அண்ணன் தங்கச்சிக்குத் திரை கெட்டிக் குடுப்பான்? தளவாய்க்குப் போன் பண்ணேன், இல்லேங்கல. மருமவன்ட்ட மாமன் பேசக் கூடாதா? காவலா இருக்கேன்னு சொன்னது உன்னைய எட்டாவது மாடிலேருந்து காப்பாத்த. அது தப்பா? உலகம் தெரிஞ்சவன் நான். நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்னு..."

"எந்த நாலு பேருண்ணே?"

"பேசுவான்னுதான் சொல்லுதேன். பேசுனான்னா சொன்னேன்? பேசுறதுக்கு முந்தியே நாம ஒழுங்கா இருந்துக்கிட்டா..."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. தைலம் தேய்த்துவிட்ட அன்று எப்படிப் பார்த்தாளோ அப்படித்தான் பார்த்தாள். அதுதான் எனக்கு எரிச்சல். சண்டை போடுகிற ஆளோடு பேசலாம். இப்படிப் பார்க்கிற ஆளோடு என்ன பேசுவது?

"மாடு கதைக்குத்தான் கோவமாண்ணே?" என்றாள்.

"எந்த மாடு? என்ன பேச்சு இது? நான் குடும்ப கௌரவத்தப் பேசுதேன், நீ மாட்டப் பேசுத. கதையா பெருசு? அந்தப் புதுப்பொண்ணு கேள்வி உனக்கு எப்பிடித் தோணுச்சுன்னுகூட நான் கேக்கல. கேட்டேனா?"

அவள் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உக்காரு, இன்னும் முடியல. இந்த வீட்டுல உனக்கு என்ன கொறை வச்சேன்? எம்புட்டு..."

"கொழம்பு சட்டில இருக்கு. ராத்திரிக்குச் சுட வச்சுக்க."

"கொழம்ப விடு. நான் சொல்லுதத..."

வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். நானும் பேசிக்கொண்டே பின்னால் போனேன். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது. குரலைத் தணித்துக்கொண்டேன்.

"கோமதிநாயகம் பால் காய்ச்சிருப்பான்" என்றாள். "வந்தா பெஞ்சுல எடம் இருக்கு."

"எடமா? எனக்கு நீ எடம் சொல்லுதியா? அது யாரு எடம் ஏட்டி? நான் உக்காந்து உக்காந்து பள்ளம் விழுந்த..."

தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. ஒரு மனுஷன் பேசிக்கொண்டிருக்கிறான் என்கிற நினைப்பே இல்லாத நடை. எதிரே வந்த பூக்காரி கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவளோடு சேர்ந்து திரும்பி நடந்தாள்.

நான் வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"ஏட்டி, ஆவுடை, நில்லு. சொல்ல வந்ததே இன்னும் சொல்லல. மத்ததெல்லாம் கெடக்கு, இது ஒண்ண மட்டும் கேட்டுட்டு..."

தெரு முக்குத் திரும்பிவிட்டாள்.